விடுதி அறையில் ஒரு சிறு பெட்டி

“மலைவாசம் செய்யச் சென்ற இடத்திலுமா இணையம்?” என்று நமது சங்கத்து அன்பர் ஒருவர் பொங்கல் விழாவன்று நம்மைப் பார்த்து நகைத்தார். நகைப்பதற்கு இடமில்லை என்று சொல்ல மாட்டோம். மரத்தையும் அருவியையும் காணச் சென்றவர் அங்கும் கைபேசியைக் குனிந்து நோக்கிக்கொண்டிருந்தால், வீட்டிலேயே இருந்திருக்கலாமே என்று எவருக்கும் தோன்றும். 2024-ஆம் ஆண்டு டிசம்பர் வரை நாமும் அவ்வாறே பிறரைக் கேட்டு வந்தவர்தாம். பச்மரியில் ஒரு விடுதி அறையில் கழிந்த மூன்று இரவுகள் நமது வாயை அடைத்துவிட்டன. அந்த வரலாற்றையும், அதனால் நாம் அறிந்துகொண்ட சில செய்திகளையும் நேயர்கள்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் பொறியாளர் அல்லோம். தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானதால், பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு ரயில்வேயில் நுழைந்து, நாகபுரியில் பார்சல் அலுவலக மேசைக்கு முன் அமர்ந்திருக்கும் ஓர் எழுத்தர். ஆகவே நமக்கு விளங்கிய அளவில்தான் விளக்க முடியும்.

முதலில், இணையம் நமக்கு எதற்காக வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நமது தாயாருக்கு உடன்பிறந்த தமக்கை ஒருவர் மயிலாடுதுறைப் பக்கத்துச் சிற்றூரில் இருக்கிறார். நமக்குப் பெரியம்மா. 2023-இல் அவரைப் பக்கவாதம் தாக்கியது. உயிர் தப்பியது, பேச்சு போயிற்று. எதிரே இருப்பவர் சொல்வது விளங்கும், முகம் மலரும், கண் கலங்கும், வாய் மட்டும் திறவாது. இத்தகையவரிடம் வெறும் தொலைபேசியில் பேசி என்ன பயன்? மறுமுனையிலிருந்து மூச்சொலிதான் கேட்கும். ஆகவே நாள்தோறும் மாலை ஏழு மணிக்கு அம்மா தமது டேப்லெட்டைச் சுவரில் சாய்த்து வைத்து, முகம் பார்த்துப் பேசுவார். பெரியம்மா தலையசைப்பார். பணிவிடைக்கு வரும் பெண் எட்டு மணிக்குத் தம் வீட்டுக்குப் போய்விடுவாள். அதற்குள் பேசி முடிக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்திற்காகவே இரு சகோதரிகளும் பகல் முழுதும் காத்திருக்கிறார்கள் என்றால் அது மிகையன்று. ஊரைவிட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் பிழைக்க வந்த குடும்பங்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

பயணம் போகலாம் என்று குழந்தைகள் நச்சரித்தபோது அம்மா கேட்ட ஒரே கேள்வி, “அங்கே அக்காவைப் பார்க்க முடியுமா தம்பி?” என்பதுதான். “அறைக்கு அறை வைஃபை இருக்கிறதாம்” என்று விடுதியின் விளம்பரத்தை நம்பி வாக்களித்தோம்.

பச்மரி சாத்புரா மலைத்தொடரில் ஏறத்தாழ 1,067 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இடார்சியில் வண்டி மாறி, ஜபல்பூர் பாதையில் பிபரியாவில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே மலையேற வேண்டும். ஊரின் அழகைப் பற்றி எழுதத் தொடங்கினால் கட்டுரை வேறு வழியில் போய்விடும். பாண்டவர் குகைகளும் ஜடாசங்கரும் அங்கேயேதான் இருக்கின்றன. அன்பர்கள் சென்று காண்க. நமக்கு இங்கு வேண்டிய செய்தி, சுற்றிலும் மலையும் காடும் ஆகையால் கைபேசி அலை எல்லா இடத்திலும் ஒன்றுபோல் கிடைப்பதில்லை என்பதே. நமது அறைக்குள் ஒரு கோடுகூட இல்லை. தாழ்வாரத்தில் குறுஞ்செய்தி வரும். பேச்சு அறுந்து அறுந்து வரும். படத்தோடு பேச வேண்டுமானால் சாலையோரத்து வாயிற்கதவு வரை நடக்க வேண்டும்.

நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அறைச் சாவியோடு ஒரு சீட்டும் கொடுத்தார்கள். வைஃபையில் சேர்ந்தவுடன் ஒரு பக்கம் தோன்றும். அதில் அறை எண்ணையும் கைபேசி எண்ணையும் குறித்தால் ஓ.டி.பி. வரும், அதை இட்டால் வழி திறக்கும் என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிட்டிருந்தது. கீழே சிறிய எழுத்தில், ஓர் அறைக்கு இரண்டு கருவிகள் மட்டும் என்றிருந்ததை நாம் படிக்கவில்லை. பார்சல் விதிகளின் சிறிய எழுத்தையெல்லாம் பிறர்க்கு எடுத்துக்காட்டிப் பிழைக்கும் நாம் அதைப் படிக்காமற் போனதை எண்ணினால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. இல்லாள் தம் கைபேசியைச் சேர்த்தார். மூத்த பையன் தன்னுடையதைச் சேர்த்தான். கணக்குத் தீர்ந்தது.

தூப்கடில் கதிரவன் மறைவதைக் கண்டுவிட்டு, அம்மாவின் அவசரத்தால் பத்து நிமிடமும் நில்லாமல், ஏழு மணிக்குள் அறைக்குத் திரும்பினோம். டேப்லெட்டைச் சேர்க்க முயன்றபோது ‘வரம்பு முடிந்தது’ என்ற அறிவிப்பு வந்தது. வரவேற்பு மேசைக்கு ஓடினோம். அங்கிருந்த இளைஞர் இரக்கப்பட்டார். ஆனால் அவர் கையில் ஒன்றுமில்லை. கணக்கு வைத்திருப்பது வேறு ஊரிலுள்ள ஒரு நிறுவனமாம். ஒரு முறை பதிந்த கருவி இருபத்து நான்கு மணி நேரம் பதிந்ததுதானாம். “மறுநாள் பன்னிரண்டு மணிக்குத் தானே விடுபடும்” என்றார்.

இல்லாளின் கைபேசியிலேயே பேசலாமே என்று நேயர்கள் கேட்பர். நாமும் அதையே செய்தோம். ஆனால் அறைக்குள் விடுதியின் அலை மிக மெலிந்திருந்தது. படம் தோன்றும், உறையும், அணையும். கடைசியில் மூட்டுவலியோடு அம்மாவைக் கைத்தாங்கலாகக் குளிரில் வாயிற்கதவு வரை நடத்திச் சென்றோம். அங்கே அலை கிடைத்தபோது மணி எட்டேகால். பணிவிடைப் பெண் போய்விட்டிருந்தாள். மறுநாள் அவளைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டோம். பெரியம்மா கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாராம். கஞ்சியை வாயருகே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அம்மா அன்றிரவு நம்மை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாட் காலை போபாலிலிருந்து நமது மைத்துனன் பேருந்தில் வந்து சேர்ந்தான். நடந்ததைக் கேட்டு, “இதற்கா அத்தான் இவ்வளவு கலங்கினீர்கள்?” என்று தன் பையிலிருந்து ஒரு சோப்புக்கட்டி அளவுள்ள வெள்ளைப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தான். அதுதான் பயண ரவுட்டர். தமிழில் திசைவி என்கிறார்கள். வேலை நிமித்தம் ஊர் ஊராய்த் தங்குபவன் ஆகையால் எப்போதும் உடன் வைத்திருப்பானாம். மூவாயிரம் ரூபாய்க்குள் வாங்கியது. கைபேசிக்கு மின்னேற்றும் அடாப்டரே அதற்கும் போதும். மின்சாரம் போனால் பவர் பேங்கிலும் ஓடும்.

இப்பெட்டி செய்யும் வேலையை நமது தொழிலைக்கொண்டே சொல்கிறோம். ஒரு வணிகர் தம் பெயரில் ஒரே கணக்கு வைத்திருக்கிறார். அவர் கடையில் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். ஆறு பேரும் பொதிகள் அனுப்புகிறார்கள். ரயில்வேயின் பேரேட்டில் அனுப்புநர் ஒருவரே. மறுமொழியாகப் பொதி வரும்போது, அது உள்ளே யாருக்குரியது என்பதைக் கடையின் கணக்கப்பிள்ளைதான் தம் குறிப்பேட்டைப் பார்த்துப் பிரித்துக் கொடுக்கிறார். ரவுட்டர் அந்தக் கணக்கப்பிள்ளை. விடுதியின் வலையமைப்புக்குத் தெரிவது அந்த ஒரு பெட்டி மட்டுமே. அதன் பின்னால் நமது கைபேசிகளும் டேப்லெட்டும் தமக்கென ஒரு தனி வைஃபையில், தமக்கென ஒரு கடவுச்சொல்லோடு இருக்கும். எந்தக் கருவி எதைக் கேட்டது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு, வந்த மறுமொழியை உரியவரிடம் சேர்ப்பது பெட்டியின் பொறுப்பு. விடுதிகள் கருவிகளை எண்ணுவது, ஒவ்வொன்றுக்கும் உற்பத்தியிலேயே இடப்படும் பன்னிரண்டு இலக்கக் குறியீடு ஒன்றைக்கொண்டு. அதை மேக் முகவரி என்பர். பெட்டியின் முகவரி ஒன்றே வெளியே தெரிவதால், எண்ணிக்கையில் அது ஒன்றாகவே நிற்கும்.

இதைக் கேட்டவுடன் நமக்கு மகிழ்ச்சிக்கு முன்னர் ஐயமே எழுந்தது. இரண்டு கருவிகள் என்று விதியிருக்க, ஒரு பெட்டிக்குப் பின்னால் ஆறு கருவிகளை ஒளித்து வைப்பது, எடை குறைத்துக் காட்டிப் பொதி ஏற்றுவது போன்றதல்லவா? மைத்துனன் சிரித்தான். “எல்லோரும் செய்வதுதான் அத்தான்” என்றான். எல்லோரும் செய்கிறார்கள் என்ற சொல்லை நாள்தோறும் மேசைக்கு அப்பாலிருந்து கேட்கும் நமக்கு, அதையே மேசைக்கு இப்பால் சொல்ல மனம் வரவில்லை. மேலாளரிடமே சென்று கேட்டுவிடுவது என்று முடிவு செய்தோம்.

மேலாளர் நடுவயதினர், பொறுமையாகக் கேட்டார். பெரியம்மாவின் நிலையைச் சொன்னோம். அவர் இந்தியில் கூறியதன் சாரம் இது: வரம்பு வைத்திருப்பது, ஓர் அறையினர் பத்துக் கருவிகளில் திரைப்படம் பார்த்து மற்ற அறைகளை முடக்கிவிடக் கூடாது என்பதற்காக. உங்கள் குடும்பத்தார் அளவோடு பயன்படுத்தினால் எமக்கு மறுப்பில்லை. ஆனால் பதிவு உங்கள் கைபேசி எண்ணில் இருக்கும். அந்தப் பெட்டி வழியே யார் எதைச் செய்தாலும் அது உங்கள் பெயரில்தான் நிற்கும். வேறு அறையினருக்குக் கடவுச்சொல்லைக் கொடுத்தீர்களானால் பின்னர் எம்மைக் கேட்காதீர்கள்.

அவர் சொன்னது வெறும் மிரட்டல் அன்று. 2008-ஆம் ஆண்டு ஜூலையில் அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்று முன், பொறுப்பேற்று ஒரு மின்னஞ்சல் அனுப்பப்பட்டது. அது நவி மும்பையில் ஒருவருடைய வீட்டு வைஃபை வழியாகச் சென்றிருந்தது. அந்த வீட்டாருக்கு அதைப்பற்றி ஒன்றும் தெரியாது. ஆயினும் காவல் துறையினரின் விசாரணை முதலில் அவர்கள் வாசலில்தான் வந்து நின்றது. அதன்பின் 2009-இல் தொலைத்தொடர்புத் துறை, பொது இடங்களில் வைஃபை தருவோர் பயன்படுத்துவோரை அடையாளம் கண்டு குறித்து வைக்க வேண்டும் என்று பணித்தது. விடுதியிலும் ரயில் நிலையத்திலும் கைபேசி எண்ணைக் கேட்டு ஓ.டி.பி. அனுப்புவது இந்தக் காரணத்தால்தான். மும்பை சென்ட்ரலில் 2016 ஜனவரியில் நிலைய வைஃபை தொடங்கியபோது, ‘இலவசமாகக் கொடுப்பதற்கு எதற்கு எண்?’ என்று நம்மைக் கேட்காத பயணி இல்லை. அப்போது விடை தெரியாமல் மழுப்பினோம்.

பன்னிரண்டு மணிக்குப் பழைய பதிவுகள் விடுபட்டன. வேலை தொடங்கியது. பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டு கைபேசியை அதனோடு சேர்த்து, உலாவியில் அதன் முகவரியை இட்டவுடன் அமைப்புப் பக்கம் திறந்தது. ஆலையிலிருந்து வந்த கடவுச்சொற்களை மைத்துனன் முன்னமே மாற்றி வைத்திருந்தான். புதிதாக வாங்குவோர் இதை வீட்டிலேயே செய்துவிடுதல் நலம். மலைமேல் சென்று கற்றுக்கொள்ளும் வேலையன்று. பெட்டிக்குப் பல முறைமைகள் உண்டு. சுவரில் கம்பி இருந்தால் அதைச் செருகி வைஃபையாக்குவது ஒன்று. வெளி வைஃபையை வாங்கி, உள்ளே தனி வைஃபையாகத் தருவது மற்றொன்று. நமக்கு வேண்டியது பின்னது. ஹாட்ஸ்பாட் முறை என்றும், விஸ்ப் முறை என்றும் பெட்டிக்குப் பெட்டி பெயர் மாறும். அதைத் தேர்ந்து, பட்டியலில் விடுதியின் வைஃபையைத் தொட்டோம். சேர்ந்தது என்று பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை.

ஒரு மணி நேரம் போராடினோம். மைத்துனனுக்கும் வியர்த்தது. காரணம் பிறகுதான் புலப்பட்டது. விடுதி தன் கருவிகளுக்கு 192.168.0 என்று தொடங்கும் முகவரிகளை அளித்துவந்தது. நமது பெட்டியும் உள்ளே அதே தொடரைத்தான் அளித்துவந்தது. இரண்டு நிலையங்களுக்கு ஒரே குறியெழுத்து இருந்தால் பொதி எங்கே போகும்? உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. பெட்டியின் முகவரியை 192.168.50.1 என்று மாற்றி, அணைத்து ஏற்றியதும் வழி பிறந்தது. புதிய பெட்டிகள் சில இதைத் தாமே கண்டு மாற்றிக்கொள்ளும்.

அடுத்து ஓ.டி.பி. பக்கம் தோன்ற வேண்டும், தோன்றவில்லை. பூட்டுக்குறியுள்ள பக்கங்களை, அதாவது எச்.டி.டி.பி.எஸ். என்று தொடங்குபவற்றை, விடுதியால் இடைமறித்துத் தன் பக்கத்தைக் காட்ட இயலாது. பூட்டில்லாத பழைய வகைப் பக்கம் ஒன்றைத் திறந்தால்தான் அது குறுக்கே வந்து நிற்கும். கைபேசியில் வி.பி.என். அல்லது தனி டி.என்.எஸ். என்பவை இயங்கிக்கொண்டிருந்தாலும் பக்கம் வராது. அவற்றைச் சற்று நேரம் நிறுத்த வேண்டும். நமது பையனின் கைபேசியில் அவ்வாறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எதற்காக என்று கேட்டதற்கு இதுவரை தெளிவான விடை வரவில்லை. இல்லாளின் கைபேசியில் முயன்றதும் பக்கம் வந்தது. நமது கைபேசியை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நின்று ஓ.டி.பி.யைப் பெற்றோம். ஒரு முறை இட்டதே போதுமாயிற்று; பெட்டிக்குத் திறந்த கதவு அதன் பின்னால் இருந்த எல்லாக் கருவிகளுக்கும் திறந்தது.

பெட்டியை எங்கே வைப்பது என்பதும் ஒரு கலை. விடுதியின் அலை நமது அறையின் சன்னல் வரைதான் நன்றாக வந்தது. கல்சுவர் அதைத் தடுத்தது. பெட்டியைச் சன்னல் திண்ணையில் வைத்தோம். அங்கே அது நல்ல அலையை வாங்கி, அறைக்குள் புதிதாக ஒலிபரப்பியது. முந்தின நாள் கட்டிலருகே உறைந்து நின்ற படம் இப்போது தெளிவாக ஓடியதற்கு இதுவே காரணம். இரண்டு அலைவரிசைகள் உள்ள பெட்டியாக வாங்குவது நல்லது. நம் நாட்டில் உரிமம் இன்றிப் பயன்படுத்த 2.4 கிகாஹெர்ட்ஸ் 2005-இல் திறந்துவிடப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதி 2018-இல் தாராளமாக்கப்பட்டது. முன்னது சுவரைத் தாண்டும், மெதுவாகச் செல்லும். பின்னது விரைந்து செல்லும், சுவரைக் கண்டால் தளரும். விடுதியிடம் ஒன்றில் வாங்கி, நமக்கு மற்றொன்றில் கொடுக்கும்படி அமைத்தோம். ஒரே அலைவரிசையில் இரண்டையும் செய்தால், ஒற்றைப் பாதையில் எதிர்வண்டிக்காகக் காத்து நிற்பதைப்போல வேகம் ஏறத்தாழப் பாதியாகும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெட்டி வாங்கினால் வேகம் பெருகும் என்று கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டா. விடுதி கொடுப்பதற்கு மேல் ஒரு துளியும் அதனால் தர முடியாது. ஆகவே ஏழு மணி முதல் எட்டு மணி வரை குழந்தைகள் கருவிகளைத் தொடக் கூடாது என்று கட்டளையிட்டோம். இரவில் வீட்டில் செல்லாத அந்தக் கட்டளை, என்ன காரணத்தாலோ, அங்கே செல்லுபடியாயிற்று.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு சொல். பெட்டி நடுவில் இருப்பதால், விடுதியில் தங்கியிருக்கும் பிறருடைய கருவிகள் நம்முடையவற்றை நேராகக் காண இயலாது. அறைக்குள் நமது அலை பூட்டப்பட்டது. இவ்வளவும் உண்மை. ஆனால் பெட்டிக்கும் விடுதிக்கும் இடைப்பட்ட வெளி, விடுதியின் வைஃபைக்குக் கடவுச்சொல் இல்லையென்றால், திறந்தவெளியே. வங்கிப் பக்கங்கள் தம் பூட்டைத் தாமே கொண்டுவருகின்றன. ஆயினும் எந்தத் தளத்திற்குச் செல்கிறோம் என்பது வெளியே தெரியக்கூடும். விடுதியின் பெயரிலேயே போலி வைஃபை ஒன்றை எவனேனும் பரப்பினால் பெட்டியும் ஏமாறும். அந்த வழியை மறைக்க வேண்டுவோர் பெட்டியிலேயே வி.பி.என். அமைத்துக்கொள்வர். நாம் அவ்வளவு தூரம் செல்லவில்லை. பணம் அனுப்ப வேண்டியிருந்தபோது வாயிற்கதவு வரை நடந்து சிம் அலையில் அனுப்பிவிட்டு வந்தோம். மோசம் போனவர்கள் காலம் தாழ்த்தாமல் அழைக்க வேண்டிய எண் 1930. இதைத் தனியே குறித்து வைத்துக்கொள்க.

ஏழு மணி ஆயிற்று. அம்மா தலைவாரிப் பொட்டிட்டுக்கொண்டு டேப்லெட்டின் முன் அமர்ந்தார். மணி ஒலித்தது, பணிவிடைப் பெண்ணின் முகம் முதலில், பிறகு தலையணைமேல் பெரியம்மாவின் முகம். அவர் முதலில் சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். “கோபமா அக்கா?” என்றார் அம்மா. சற்று நேரம் கழித்துத் தலை மெல்லத் திரும்பியது. அம்மா டேப்லெட்டைச் சன்னலருகே தூக்கிப் பிடித்து, இருளில் ஒன்றும் தெரியாத மலையைக் காட்டி, “அதோ பார், மலை” என்றார். பெரியம்மா தலையசைத்தார். என்ன கண்டாரோ!

இங்கே கட்டுரை முடிந்திருக்கலாம். ஆனால் அன்றிரவு நிகழ்ந்த வேறொன்றையும் மறைத்தல் தகாது. அடுத்த அறையில் பிலாயிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம் தங்கியிருந்தது. உருக்காலையில் பணிசெய்து ஓய்வுபெற்ற பெரியவர், அவர் துணைவியார், பேரன். காலையில் தமிழ் கேட்டு மகிழ்ந்து, ஊர் பெயர் விசாரித்து, இட்லிப்பொடி வரை பகிர்ந்துகொண்டாயிற்று. இரவு உணவின்போது பேரன் நமது பையனிடமிருந்து பெட்டிச் செய்தியை அறிந்துகொண்டான். பெரியவர் வந்து, “தம்பி, அந்தக் கடவுச்சொல்லைச் சொல்லுங்களேன். பையன் கிரிக்கெட் பார்க்க வேண்டும் என்கிறான். இவளும் கோயம்புத்தூரில் இருக்கும் மகளோடு பேச வேண்டுமாம்” என்றார்.

வேற்றூரில் தமிழர் தமிழரிடம் கேட்பது. ஒரு சொல், எட்டு எழுத்து. கொடுத்தால் குறைந்துபோவது ஒன்றுமில்லை போலவே தோன்றும். மேலாளரிடம் கொடுத்த வாக்கு நினைவில் நின்றது. அந்தப் பேரன் நல்ல பையன்தான்; ஆயினும் அவன் கைபேசியில் என்ன இருக்கிறது என்பதை அவன் பாட்டனார் அறியார், நாம் எவ்வாறு அறிவோம்? நம் மகன் கைபேசியில் இருந்ததையே நாம் அறியவில்லையே. “ஐயா, பதிவு எமது எண்ணில் இருக்கிறது. குடும்பத்துக்கு மட்டும் என்று மேலாளரிடம் சொல்லி வாங்கியது. கடவுச்சொல்லைக் கொடுக்க இயலாது. அம்மா நமது அறைக்கு வந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நமது கருவியிலிருந்தே பேசட்டும்” என்றோம். சொல்லும்போதே நாக்கு கூசியது. பெரியவர் முகம் சுருங்கியது. “சரி, சரி” என்று எழுந்தார்.

துணைவியார் மட்டும் வந்தார். மகளோடு அரைமணி பேசினார். பிறகு நமது தாயாரும் அவரும் நெடுநேரம் உரையாடிக்கொண்டிருந்தனர். மறுநாள் மாலையும் வந்து, பெரியம்மாவைக் கண்டு வணங்கி, தம் ஊர்க் கோயிலைப் பற்றி அவரிடம் சொன்னார். பெரியவர் வரவில்லை. காலை உலாவில் எதிர்ப்பட்டபோது வணக்கத்திற்கு மறுவணக்கம் செய்தார், நின்று பேசவில்லை. சில பெட்டிகளில் விருந்தினர்க்கென்று தனி வைஃபை அமைக்க இயலும். அதன் வழியே நமது கருவிகளைத் தொட முடியாது. ஆனால் பதிவு அப்போதும் நமது எண்ணில்தானே? நாம் செய்தது சரி என்றே இன்றும் எண்ணுகிறோம். ஆனாலும் அந்த முகம் சுருங்கியது மறக்கவில்லை. இதைப் படிக்கும் அன்பர்கள் வேறு வழி கண்டிருந்தால் எழுதுக.

மூன்றாம் நாள் நண்பகலில் எல்லாக் கருவிகளும் ஒரே நொடியில் அடங்கின. வீட்டில் அனைவரும் பெட்டியைப் பழித்தனர். இருபத்து நான்கு மணி நேரம் முடிந்திருந்தது, அவ்வளவே. மீண்டும் தாழ்வாரம், மீண்டும் ஓ.டி.பி. இத்தகைய விடுதிகளில் மாலையில் முக்கியமான பேச்சு இருப்பவர்கள், பதிவு எந்த மணிக்கு முடியும் என்பதைக் கணக்கிட்டு, அது அந்த நேரத்தில் வந்து விழாதபடி முன்னதாகவே பதிந்துகொள்வது நலம். நமக்கு அது தற்செயலாக நண்பகலில் அமைந்தது.

புறப்படும் காலை. பிபரியாவுக்குச் செல்லும் வண்டி வாயிலில் நின்றது. மூட்டைகளை எண்ணினோம்; பதினொன்று, சரியாக இருந்தது. எண்ணுவது நமது தொழில். அம்மா வண்டியில் ஏறி அமர்ந்துவிட்டு, “தம்பி, சன்னலில் இருந்ததை எடுத்துக்கொண்டாயா?” என்று கேட்டார். மைத்துனன் நம்மைப் பார்த்தான். நாம் அவனைப் பார்த்தோம். திரும்ப ஓடினோம். அறையைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண், பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்த பெட்டியைச் சுற்றிக் கவனமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.